கடலோரப் பாறையில் படரும் பெயர் தெரியாத செடியை எப்படி அடையாளம் காண்பது?

எண்ணூர் பக்கம் கரையோரக் கற்களின் இடுக்கில் சிவந்த தண்டோடு படரும் செடி பெரும்பாலும் உவர்ச்செடிதான். அதாவது, உப்பைத் தாங்கி வளர்வது. இலையைக் கிள்ளிப் பாருங்கள், தடித்து நீர் கோத்திருக்கும். மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டால் தண்ணீர் விட்டுச் சுருங்குகிறதல்லவா? உப்பு மண்ணும் வேரிடம் அப்படித்தான் நீரை இழுக்கப் பார்க்கும். இந்தச் செடியோ உப்பை இலைக்குள் ஒதுக்கி, கூடவே நீரையும் சேர்த்துச் சமாளிக்கிறது. அழகான ஏற்பாடு!

அப்புறம் கணுவைப் பாருங்கள். இலைகள் எதிரெதிராக இருந்து, இலை இடுக்கில் ஐந்து முனையுள்ள இளஞ்சிவப்புப் பூ தனியாகப் பூத்திருந்தால், அதன் அறிவியல் பெயர் செசுவியம் போர்ச்சுலகாஸ்ட்ரம். இலை நுனி இரண்டாகப் பிளந்திருந்தால், அது அடும்பு என்னும் கடற்கரைக் கொடி.

பலர் செசுவியத்தைப் பருப்புக்கீரை என்று நினைத்துப் பறிக்கிறார்கள். பருப்புக்கீரையின் பூ மஞ்சள். கழிவுநீர் கலக்கும் கரையில் வளர்ந்தால் இரண்டையுமே சமைக்க வேண்டாம்.