கணினியை அணைக்காமல் ஹார்ட் டிஸ்க்கை மாற்றலாமா?

நுவரெலியாவில் வீட்டுக் கணினி வைத்திருக்கும் ஒருவர் கேட்டது இது. மாற்றலாம், ஆனால் சாட்டா (SATA, கணினிக்குள் கேபிளில் இணையும் வகை) டிஸ்க்கை மட்டும். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கையும் எம்.2 வகையையும் (மதர்போர்டில் நேரடியாகச் செருகும் சிறு பலகை) ஓடும்போது தொடவே வேண்டாம்.

சாட்டா இணைப்பில் தங்கநிறப் பின்கள் எல்லாம் ஒரே நீளமில்லை. எர்த் பின்கள் சற்று நீண்டவை, செருகும்போது அவைதான் முதலில் தொடும். ஓடும்போதே கழற்றி மாட்ட இடம்கொடுப்பது இந்த அமைப்புதான்.

முதலில் பயோஸில் (கணினி துவங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) அந்தப் போர்ட்டுக்கு 'ஹாட் பிளக்', அதாவது ஓடும்போதே செருகும் வசதியை, எனேபிள் செய்யுங்கள். அங்கேயே சாட்டா மோட் (டிஸ்க்கோடு கணினி பேசும் முறை) ஏ.எச்.சி.ஐ (AHCI) ஆக இருக்க வேண்டும். வேறு மோடில் விண்டோஸ் போட்டிருந்தால் சும்மா மாற்றிவிடாதீர்கள், பூட் ஆகாமல் போகலாம்.

கழற்றுமுன் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த டிஸ்க்கை 'ஆஃப்லைன்' ஆக்குங்கள். கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) தேங்கிய தரவு எழுதப்படுமுன் இழுத்தால் கோப்புகள் கெடும். பலர் தவறுவது இதற்கு அடுத்த படியில்: 7200 ஆர்.பி.எம்மில் (நிமிடத்துக்கு 7200 சுற்று) சுற்றிய தட்டு உடனே நிற்காது. மின் இணைப்பைக் கழற்றியபின் டிஸ்க்கை அசைக்காமல் 20 விநாடியாவது விடுங்கள். சுழலும்போது சாய்த்தால் தரவைப் படிக்கும் ஹெட் தட்டில் உரசலாம். தொங்கும் வயர்களோடு மல்லுக்கட்டுவதைவிட ஹாட் ஸ்வாப் ட்ரே (டிஸ்க்கை வெளியிலிருந்தே செருகி எடுக்கும் தட்டு) வாங்குவதே நல்லது.

நம்ம மலைநாட்டுக் குளிரில் இன்னொன்று. வெளியிலிருந்து கொண்டுவந்த டிஸ்க் சில்லென்றிருந்தால், சூடான அறையில் அதன் சர்க்கிட் பலகையில் ஈரம் படியும். பையோடு ஓரிரு மணிநேரம் வைத்து, பிறகு செருகுங்கள். விண்டோஸில் டிஸ்க் தோன்றாவிட்டால், டிஸ்க் மேனேஜ்மென்டில் 'ரீஸ்கேன் டிஸ்க்ஸ்' கொடுங்கள்.