அப்பாவின் கோப்புகளும் செபப்புத்தகமும்

கேள்வி: எங்கள் அப்பா 1985இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு வந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் தொழிற்சாலையில் இரவு வேலை. ஞாயிறு பூசையைத் தவறவிட்டதே இல்லை. ஒவ்வொரு ஓகஸ்டிலும் எங்களைக் கேவலார் மாதா தலத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். தன்னைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார். நான்கு மாதங்களுக்கு முன் காலமானார். ஓராண்டு நினைவுக்கு ஒரு நினைவு மலர் வெளியிட விரும்புகிறோம். அண்ணாவுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை; “மதத்தைக் குறைத்து எழுது” என்கிறார். தங்கைக்கோ அப்பா ஒரு புனிதர். எழுதவேண்டியவள் நான். “பாசமிகு தந்தை” என்பதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
மகள், டோட்முண்ட்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வரி வராததற்கு உங்கள் எழுத்துத் திறமை காரணம் இல்லை. எழுதுவதற்கான சரக்கு இன்னும் கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். “பாசமிகு”, “இறைபக்தி மிக்க” என்ற சொற்கள் எந்த மரண அறிவித்தலிலும் பொருந்தும்; உங்கள் அப்பாவை மட்டும் காட்டமாட்டா. உங்களிடம் எட்டு மாதங்கள் இருக்கின்றன. ஆறு மாதம் தேடிச் சேர்ப்பதற்கு, கடைசி இரண்டு மாதம் எழுத்துக்கும் அச்சுக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதற்குள் வீட்டைத் துப்புரவாக்குகிறோம் என்று ஒரு கடதாசியையும் எறிய வேண்டாம்.

தன்னைப் பற்றிக் கதைக்காத அப்பாக்கள் கோப்புகளை ஒழுங்காக வைத்திருப்பார்கள். அலமாரியின் மேல்தட்டில் நிற்கும் அந்தத் தடித்த ஓட்னர்களை, அதாவது கோப்பு மட்டைகளை, முதலில் இறக்குங்கள். ஓய்வூதியம் தீர்மானித்து வந்த கடிதத்தின் பின்னிணைப்பில் அவருடைய வேலைக்காலம் முழுவதும் திகதிவாரியாக, ஒவ்வொரு காலத்துக்குமான சம்பளத்தோடு அச்சாகியிருக்கும். 2001 முடிய டொச் மார்க்கில், பிறகு யூரோவில். அதில் முதலாளியின் பெயர் இருக்காது. அதற்கு வேலைத்தலம் ஆண்டுதோறும் கொடுத்த சமூகக் காப்புறுதிப் பதிவுத் தாளைத் தேடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த ஆண்டு எங்கே வேலை செய்தார் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம். தொடக்கத்தில் ஓர் இடைவெளி தெரிந்தால் தவறாக நினைக்க வேண்டாம். அக்காலத்தில் தஞ்சம் கேட்டவர்களுக்கு வேலை செய்யவும் அனுமதி இல்லை, ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போகவும் முடியாது. உழைத்து ஊருக்கு அனுப்ப வந்த மனிதர் சும்மா இருக்க வைக்கப்பட்ட மாதங்கள் அவை. மலரில் அதற்கு ஒரு பத்தி கொடுங்கள்.

தஞ்ச விண்ணப்ப நேர்காணலின் பதிவுப் பிரதி கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். அந்தக் காலக் கோப்புகள் அரச அலுவலகத்தில் இன்னும் இருக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். வீட்டில் உள்ளதுதான் கடைசிப் பிரதியாக இருக்கக்கூடும். 1980களின் நடுவில் வந்த பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிக்ஷ்ட்ராஸ நிலையத்திலிருந்து நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குப் போனவர்கள். 1985 ஜூலைக்குப் பிறகு இலங்கைத் தமிழருக்கு அந்த வழி கடினமாக்கப்பட்டது. ஆகவே ஆண்டு மட்டும் போதாது, அப்பா வந்த மாதமும் தெரிய வேண்டும். ஆனால் இந்தப் பதிவை அப்படியே அச்சிடாதீர்கள். பயத்தோடு, மொழிபெயர்ப்பாளர் மூலம், முடிவு என்னவாகுமோ என்ற தவிப்பில் சொன்னவை அதிலுள்ளவை. மற்றவர்களின் பெயர்களும் இருக்கலாம். திகதிகளையும் பாதையையும் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்பதற்கு அதை ஒரு திறப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா சொன்னதற்குப் பதிலும் இதே ஓட்னரில் இருக்கிறது. சம்பளத் தாளில் ‘ஆர்கே’ என்ற இரண்டு எழுத்து, உரோமன் கத்தோலிக்கர் என்று. அதன் கீழே திருச்சபை வரி: உங்கள் மாநிலத்தில் வருமான வரித்தொகையில் நூற்றுக்கு 9. விருப்பமில்லாதவர் நீதிமன்றத்துக்குப் போய் விலகிக்கொள்ளலாம். அப்பா விலகவில்லை. “மதத்தைக் குறைப்பது”, “புனிதராக்குவது” இரண்டுமே வேண்டாம். அவர் நம்பிக்கையைப் பற்றி நீங்கள் கருத்துச் சொல்லாதீர்கள். செய்ததை நேரத்தோடு எழுதுங்கள். சனி இரவு வேலை எத்தனை மணிக்கு முடிந்தது, தமிழ்ப் பூசை எந்த ஊரில், எத்தனை மணிக்கு, இடையில் எத்தனை மணித்தியாலம் தூங்கினார், எந்த ரயில். இதை நம்பிக்கை உள்ளவரும் மறுக்கமாட்டார், இல்லாதவரும் மறுக்கமாட்டார். தங்கைக்கும் அண்ணாவுக்கும் ஒரே பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம்.

கேவலாரையும் இப்படியே எழுதுங்கள். அங்கே சனம் வரிசையில் நின்று கும்பிடும் மாதா படம் ஒரு தபாலட்டையிலும் சிறியது, ஏறக்குறைய 11 சென்ரிமீற்றருக்கு 7.5. 1642இலிருந்து யாத்திரைத் தலம். 1980களின் பிற்பகுதி முதல் ஓகஸ்டில் நம் சனம் கூடும் நாளில் சைவக் குடும்பங்களும் பெருந்தொகையாக வருகின்றன. ஊரில், மன்னார் மாவட்டத்து மடு மாதா கோவிலில் ஓகஸ்ட் 15 பெருவிழா. யுத்த காலத்தில் அங்கே போகமுடியாதவர்களுக்குக் கேவலாரே மடுவாக இருந்தது. அப்பா சின்ன வயதில் மடுவுக்குப் போனவரா, யாரோடு, எத்தனை நாள் தங்கினார்கள் என்று அவருடைய சகோதரங்களிடம் கேளுங்கள். காரில் யார் எங்கே இருந்தீர்கள், சோற்றுப் பொதியில் என்ன இருந்தது என்பதை நீங்கள் மூவரும் தனித்தனியே எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாத இடங்களை அப்படியே விடலாம்.

அடுத்தது ஞானஸ்நானப் பதிவு. அப்பாவின் ஊர்ப் பங்குத்தந்தைக்கு எழுதுங்கள். பங்கு தெரியாவிட்டால் யாழ்ப்பாண ஆயர் இல்லத்துக்கு. பெயர், தாய் தந்தையர் பெயர், ஏறத்தாழப் பிறந்த ஆண்டு, தெரிந்தால் ஞானத்தந்தை ஞானத்தாயார் பெயர். கிடைக்கவில்லை என்று பதில் வருவதற்கு வழக்கமான காரணம் பெயர்தான். வீட்டில் சூசை என்றவர் பதிவேட்டில் யோசேப்பாக இருப்பார். இராயப்பு பேதுருவாகவும், சின்னப்பு பவுலாகவும், சவிரிமுத்து சேவியராகவும் இருக்கலாம். எல்லா வடிவங்களையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பதிவின் ஓரக்குறிப்பையும் சேர்த்து அனுப்பும்படி கேட்க மறக்காதீர்கள். உறுதிப்பூசுதலும் திருமணமும் வேறு பங்கில் நடந்திருந்தாலும் அந்த ஓரத்தில் குறிக்கப்படுவது திருச்சபை வழக்கம். ஒரு வரிப் பதிவிலிருந்து மூன்று திகதி கிடைக்கும். யுத்தத்தில் பதிவேடு போயிருந்தால், ஞானத்தந்தை வழிக் குடும்பத்தைத் தேடுவதுதான் வழி.

ஜேர்மன் கடதாசிகளில் பெரும்பாலும் அப்பப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டிருக்கும். பிறந்த திகதியும் மாறியிருக்கலாம். மலரின் முதல் பக்கத்தில் ஞானஸ்நானப் பெயர், வீட்டுப் பெயர், இங்கத்தைய பெயர் மூன்றையும் போடுங்கள். பேரப்பிள்ளைகள் தாங்கள் யாருடைய பெயரைச் சுமக்கிறோம் என்று அறிய அது ஒன்றே போதும்.

அம்மாவிடம் கதைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு முறைக்கு 40 நிமிடம் போதும், அதற்கு மேல் களைப்பார். குரலைப் பதிவுசெய்யத் தொலைபேசியை மேசையில் ஒரு துணி விரித்து அதன் மேல் வையுங்கள். குசினி விசிறியை நிற்பாட்டுங்கள், இல்லாவிட்டால் குரலுக்கு மேல் இரைச்சல்தான் கேட்கும். “அப்பா எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “நல்ல மனுசன்” என்பதோடு முடிந்துவிடும். ஒரு படத்தைக் கையில் கொடுத்து, “இந்தச் சேட்டு எங்கே வாங்கினது? படம் எடுத்தது யார்?” என்று கேளுங்கள். அன்றைக்கே பதிவை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, திகதியும் பெயரும் போட்டு வையுங்கள்.

படங்களைப் பொறுத்தவரை ஒரு முக்கிய எச்சரிக்கை. பழைய ஒட்டும் பக்க அல்பங்களில் படத்தைப் பிடித்து இழுத்தால் கிழியும். பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கு அடியில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அசையாவிட்டால் அல்பத்தோடே வைத்துப் படம் பிடியுங்கள். சிறிய படங்களை 600 டிபிஐயில் வருடுங்கள் (ஸ்கான் செய்யுங்கள்), பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்ரூடியோ முத்திரையும் கைக்குறிப்பும் அங்கேதான் இருக்கும். 1990களில் வந்த தொலைநகல்கள் வெப்பத்தாளில் அச்சானவை, மங்கிக்கொண்டே போகும். அவற்றுக்கு முதலிடம். ஊரிலிருந்து வந்த குரல் கசெற்றுகள் இருந்தால், மேல் விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளையும் முதலில் உடைத்துவிடுங்கள், தவறுதலாக மேலே பதிவாகாது. நாடாவுக்குப் பின்னாலுள்ள கம்பளித் துண்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் ஒலி அடைத்தது போல் வரும். ஒரு முறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றிவிட்டுப் பிறகு போடுங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாண வீடுகளில் இருந்த கடிதங்கள் பெருமளவில் அழிந்தன. அப்பப்பா, அப்பம்மாவின் குரல் எங்கேனும் மிஞ்சியிருந்தால், அது டோட்முண்டில் உங்கள் வீட்டில்தான் இருக்கும்.

அப்பாவால் போகமுடியாமற்போன ஊர்ச் சாவுகளையும் எழுதத்தான் வேண்டும். பயணப் பத்திரம் இல்லாமலும், வழி மூடியும், தாயின் முகம் பார்க்காமல் இங்கே பூசை ஒப்புக்கொடுத்தவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். சோகத்தைக் கூட்டிச் சொல்லத் தேவையில்லை. செய்தி வந்த நாள், எப்படி வந்தது, அன்றிரவு வேலைக்குப் போனாரா இல்லையா. அவ்வளவு போதும்.

அச்சுக்கு ஏ5 அளவு நல்லது. நடுவில் கம்பி அடிக்கும் மலருக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக வேண்டும். 32 பக்கம் சரியாக இருக்கும். தமிழை 12 புள்ளி எழுத்தளவில் விடுங்கள், பெரியவர்கள் வாசிக்க வேண்டுமே. பேரப்பிள்ளைகளுக்கு டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், நான்கு பக்கம். யூனிகோடில் மட்டும் அடியுங்கள். இங்கத்தைய அச்சக மென்பொருளில் ‘கொ’வின் கொம்பு பிரிந்து ககரத்துக்குப் பின்னால் போய்விடும், சில இடத்தில் வெறும் புள்ளிவட்டம் வரும். எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிய பிடிஎஃப் கொடுத்தால் அது நடக்காது. கல்லறைக் கல்லில் தமிழ் பொறிக்கும்போதும் இதே முறைதான். செதுக்க முன் மாதிரியைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும், ஏனென்றால் கல்வேலை செய்பவருக்குப் பிழை தெரியாது. உறவினர் பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் வைத்து, அச்சுக்குப் போகுமுன் மூத்த மாமிக்குத் தொலைபேசியில் முழுவதும் வாசித்துக் காட்டுங்கள். விடுபட்ட ஒரு பெயரால் வரும் மனக்கசப்பு வருடக்கணக்கில் போகும்.

ஓராண்டுப் பூசையில் பேசுவதானால் சுவாமியிடம் முன்கூட்டியே கேளுங்கள். மறையுரை இறந்தவரைப் புகழும் இடமல்ல. நன்மை (நற்கருணை) வாங்கியபின் சொல்லும் செபம் முடிந்ததும் மூன்று நிமிடம் தருவது வழக்கம். 300 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். மலரிலிருந்து ஒரேயொரு பத்தி, அந்த ஞாயிற்றுக்கிழமை ரயில் பத்தியையே வாசிக்கலாம்.

இன்னொன்று, அப்பாவின் செபப்புத்தகம். அதற்குள் இறந்தவர்களின் நினைவு அட்டைகள் செருகியிருக்கும். ஒன்றாக எடுத்து அடுக்கிவிடாதீர்கள். எந்த அட்டை எந்தச் செபத்துப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் அப்பா விட்டுச்சென்ற குறிப்புத்தான். பக்கம் பக்கமாக, அட்டை இருந்த நிலையிலேயே படம் எடுங்கள். விரல் எண்ணெய் பட்டு மூலை கறுத்த பக்கங்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அவர் தினமும் எதைச் சொன்னார் என்று அம்மாவுக்குக்கூடத் தெரியாமல் இருக்கலாம், அந்தப் பக்கங்களுக்குத் தெரியும். முடிந்ததும் ஒவ்வோர் அட்டையையும் அதே பக்கத்தில் திரும்ப வைத்து, புத்தகத்தை அம்மாவின் கையில் கொடுங்கள்.