தாடைக் கட்டிக்கு ஊசி போதுமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. கீழ்த்தாடையில் வலியில்லாத வீக்கம். சதைப் பரிசோதனையில் ‘சென்ட்ரல் ஜயன்ட் செல் கிரானுலோமா’ என்ற, எலும்புக்குள் வளரும் கட்டி என்று வந்திருக்கிறது, புற்றுநோய் இல்லையாம். ஒரு மருத்துவர் அறுவை சிகிச்சை என்கிறார். இன்னொருவர் கட்டிக்குள்ளேயே ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அதிருக்கட்டும், ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்த்தாயிற்றா? கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி மிதமிஞ்சிச் சுரந்தாலும் தாடையில் இதே கட்டி வரும். நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அப்படியிருந்தால் வைத்தியம் கழுத்துக்குத்தான், தாடைக்கு அல்ல. சதைப் பரிசோதனை வரை போய்விட்டு இந்தச் சாதாரண ரத்தப் பரிசோதனையை விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்த ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால், நான் ஊசியின் பக்கம். 9 வயதில் தாடைக்குள் நிரந்தரப் பற்கள் இன்னும் முளைக்கக் காத்திருக்கின்றன. அறுவை சிகிச்சையில் கட்டியைச் சுரண்டி எடுக்கும்போது அவற்றையும் இழக்க நேரலாம். ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டை மரப்பு மருந்தோடு கலந்து, வாரம் ஒருமுறையாக ஏறக்குறைய ஆறு வாரம் போடுவது வழக்கம். ஆரம்பத்தில் மருந்து தடையில்லாமல் உள்ளே இறங்கும். பலன் கிடைக்கத் தொடங்கினால் உள்ளே எலும்பு இறுகி, ஊசி முனை நுழையவே முரண்டு பிடிக்கும். ‘ஊசி இறங்கவில்லையே’ என்று பெற்றோர் பதறுவார்கள். ஊசியை அழுத்தும் என் கட்டைவிரலுக்கோ அதுதான் நல்ல சேதி. பிறகு எக்ஸ்ரேயில் கட்டியின் ஓரம் வெளுக்கத் தொடங்கும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இது பலிப்பதில்லை. சர்க்கரை நோயோ, தீராத தொற்றோ இருந்தால் ஸ்டீராய்டு கூடாது. கால்சிடோனின் என்ற மருந்தும் உண்டு, ஆனால் மாதக்கணக்கில் தினமும் கொடுக்க வேண்டும். டெனோசுமாப் என்ற இன்னொரு மருந்து வலுவானது, குழந்தைகளுக்கு அதை நிறுத்திய பின் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும் என்பதால், அனுபவமுள்ள குழு இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வலி எடுத்தாலோ, வீக்கம் வேகமாக வளர்ந்தாலோ, பல் வேர்கள் கரைந்தாலோ ஊசியை நம்பி மாதங்களைக் கடத்த வேண்டாம். அப்போது முதல் மருத்துவர் சொல்வதே சரி. ஊசியால் ஓரளவு சுருங்கியிருந்தாலும் லாபம்தான், வெட்ட வேண்டிய இடம் குறையும். எந்த வழியில் போனாலும் கட்டி திரும்ப வரலாம். சில ஆண்டுகள் தொடர்ந்து காட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பழைய எக்ஸ்ரேயைக் கையோடு எடுத்துப் போங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.