10க்கு 12 காம்பராவில் மூத்தவனுக்கு ஓர் இடம்

இரண்டாவது பிள்ளை பிறக்கும் முன் மூத்த பிள்ளையின் படுக்கையறையில் என்னென்ன மாற்றினீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களிடம் மாற்றுவதற்கு அறை என்று தனியாக எதுவும் இல்லை. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர்களுக்கு ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடு, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. 10 அடிக்கு 12 அடியில் ஒரு காம்பரா (அறை), முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் குசினி (சமையலறை), அவ்வளவுதான். பிள்ளைக் காம்பரா என்றால் எங்கள் பக்கம் வேறு அர்த்தம்: கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம்.

மூத்தவனுக்கு அப்போது இரண்டரை வயது. அவனுக்குப் படுக்கையறை என்றால் தொட்டில்தான். கூரை வளையில், அதாவது குறுக்குமரத்தில், கயிறு போட்டு அவன் அம்மாவின் பழைய நூல் சேலையில் கட்டியது. கால் இரண்டும் வெளியே தொங்கும், ஆனாலும் இறங்கமாட்டான். வரப்போகிற பிள்ளைக்கும் அதே இடம்தான், வேறு வளை ஏது?

நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் வேலை, மாதம் ஒருமுறைதான் வீடு. மனைவிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது லீவில் வந்தவன், ஒரே நாளில் தொட்டிலை அவிழ்த்துவிட்டு, "இது தம்பிக்கு, நீ பெரிய பையன்தானே" என்றேன். மூன்று இரவு அழுதான். பக்கத்து வீட்டில் இருமினாலே கேட்கிற லயத்தில் அந்த அழுகை எப்படியிருக்கும் என்று பாருங்கள், விடியப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, போகிற சனம் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான்காம் நாள் தொட்டிலைத் திரும்பக் கட்டிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அப்புறம் என் அம்மா, அதாவது அவனுடைய அப்பாயி, காரியத்தைக் கையில் எடுத்தார். பிறக்கும் முன் எதையும் வாங்கி வைக்கக்கூடாது, வெறுந்தொட்டிலை ஆட்டக்கூடாது என்பவர் அவர், அதனால் பாப்பா என்ற பேச்சே எழவில்லை, எல்லாம் மூத்தவன் பேரிலேயே நடந்தது. முதலில் பகல் தூக்கம் மட்டும் அப்பாயி கட்டிலில். பழகிய பிறகு இரவும். தொட்டில் சேலையை அவிழ்த்து, இரண்டாக மடித்துத் தைத்து அவனுக்கே போர்வையாகக் கொடுத்துவிட்டார். பாப்பாவுக்கு வேறு சேலை. எனக்குத் தோன்றியிருக்காது.

எனக்குக் கிடைத்த வேலை கூரை. இரவுக் குளிரில் தகரம் வேர்த்து விடியற்காலையில் சொட்டும், அது சரியாக அப்பாயி கட்டில் மேல்தான் விழும். பழைய உரப்பைகளைக் கழுவிக் காயவைத்து, பிரித்து, ஒன்றோடொன்று தைத்துத் தகரத்துக்குக் கீழே இழுத்துக் கட்டினேன். சொட்டு நின்றது, ஆனால் மழை பெய்தால் உறுமி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

இன்னொன்று. தாத்தா காலத்துத் தேயிலைப் பெட்டி ஒன்று பரணில் கிடந்தது, உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய பலகைப் பெட்டி. பாப்பாவின் துணிமணி வைக்கலாம் என்று இறக்கினேன். விளிம்பில் அடித்திருந்த தகரப்பட்டி துருப்பிடித்துக் கையைக் கிழிக்கிற பதத்தில் இருந்தது. குறட்டால் ஆணி ஆணியாகப் பிடுங்கி, மண்கடதாசி போட்டுத் தேய்த்து, நிமிர்ந்து பார்த்தால் மூத்தவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். வெள்ளித்தாளில் முகம் பார்த்துக்கொண்டு, உள்ளே முகர்ந்துவிட்டு, "தேத்தண்ணி மணக்குது" என்றான். அப்படியே அவனுடையதாகிவிட்டது. போர்வை, ஒரு சில்லு இல்லாத லொறி, தேயிலைக் கொட்டைகள் ஒரு குத்து, எல்லாம் அதற்குள்.

உங்களிடம் தனி அறை இருந்தால் நல்லதுதான், ஆனால் பெயின்ட், கட்டில் என்று தொடங்கும் முன், புதுப்பிள்ளைக்குப் பங்கு போகாத ஒரு மூலையை மூத்த பிள்ளைக்கு ஒதுக்கிவிடுங்கள். குறைந்தது இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே. காரணம் மட்டும் சொல்லாதீர்கள்.

பிறந்தது பெண். "தம்பி எங்கே?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தான். பெட்டியில் அவள் சட்டை ஒன்றைக்கூட வைக்க விடவில்லை, ஒரு வருசம் அவள் துணியெல்லாம் ஆணியில் மாட்டிய கடைப் பைக்குள்தான் கிடந்தது.