மூலையில் கிடக்கிற டப்பாவை யார் பார்க்கப் போகிறார்கள்?

"வீடியோ கேம்களில் கதைக்குச் சம்பந்தமே இல்லாத கோப்பை, பெட்டி, பக்கெட்டுக்கெல்லாம் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதையெல்லாம் தாண்டி ஓடுகிறவர் நீங்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தப்பில்லை, விளையாடும்போது நானும் அப்படித்தான். ஆனால் அந்த டப்பாவைச் செய்து சம்பளம் வாங்குகிறவன் நான். என் மாமனார் சொந்தக்காரர்களிடம் "மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல இருக்கார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டூல் பாக்ஸைக் கம்ப்யூட்டரில் செய்யக் கொடுத்தார்கள். பழைய இரும்புப் பெட்டி, சிவப்புப் பெயிண்ட். நான்கு நாளில் முடித்தேன். விளிம்பில் பெயிண்ட் உரிந்து இரும்பு தெரிய சாஃப்ட்வேரிலேயே வசதி உண்டு. ஒரு ஸ்லைடரைத் தள்ளினால் எல்லா விளிம்பும் ஒரே சீராகத் தேய்ந்துவிடும். பெருமையாக அனுப்பினேன். எங்கள் டீமின் தலைவர், அதாவது லீட், பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இத யாராவது தூக்கியிருக்காங்களா?"

எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலை தெருமுனை டூவீலர் மெக்கானிக் கடையில் போய் நின்றேன். அவருடைய பெட்டியில் மூலைகள் நசுங்கியிருந்தன, ஆனால் பெயிண்ட் அவ்வளவாகப் போகவில்லை. கைப்பிடியின் நடுவில் மட்டும் நான்கு விரல் அகலத்துக்குப் பளபளவென்று இருந்தது. மூடியில் கட்டைவிரல் படும் இடத்தில் கறுப்பாகக் கிரீஸ். ஒரு கொக்கி உடைந்துபோய், அந்த இடத்தில் கட்டுக்கம்பியை முறுக்கி விட்டிருந்தார். "என்ன தம்பி, வண்டி எங்க?" என்றார். பெட்டியைப் பார்க்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கட்டுக்கம்பியை என் பெட்டியிலும் வைத்தேன். லீட் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வேலையைக் கொடுத்தார். கேமில் அது ஓர் இருட்டறையில், அலமாரிக்குப் பின்னால் பாதி மறைந்து கிடக்கிறது. உள்ளே வருகிறவர் கண்ணில் பெட்டி படாது. இங்கே யாரோ வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்று மட்டும் தோன்றும்.

என் பிழைப்பை நானே தூக்கிப் பிடிக்கிறேன் என்பவர்களுக்கு 2007-இல் வால்வ் என்ற நிறுவனம் வெளியிட்ட 'போர்ட்டல்' கேம் உதாரணம். அதில் ஒரு பெட்டியைக் கடைசிவரை தூக்கிப் போக வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. சோதித்துப் பார்த்தவர்கள் பாதி வழியிலேயே பெட்டியை விட்டுவிட்டுப் போனார்கள். அதன் பக்கங்களில் இளஞ்சிவப்பு இதயத்தை வரைந்து, 'இது உன் துணை' என்று குரலில் சொல்லவும் வைத்தார்கள். அவ்வளவுதான், விடாமல் தூக்கிப் போனார்கள். முடிவில் அதை உலையில் போடச் சொன்னால் மனசு வராமல் நின்றவர்கள் ஏராளம். முகமில்லை, வசனமில்லை, வெறும் பெட்டி.

கிராபிக்ஸ் பைத்தியம் என்று கமெண்ட் போட வருகிறவர்கள் சற்றுப் பொறுங்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனைச் சேர்ந்த விட்ச் பீம் என்ற நிறுவனம் 2021-இல் வெளியிட்ட 'அன்பேக்கிங்' கேம் முழுக்கப் பிக்சல் படம்தான், பழைய கேம்கள் மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும். ஒரு பெண் 1997-இலிருந்து 2018 வரை எட்டு முறை வீடு மாறுகிறாள். அவளைக் காட்டவே மாட்டார்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்துச் சாமானை அததற்குப் பொருந்தும் இடத்தில் வைப்பதுதான் விளையாட்டே. வைக்கும் சத்தத்துக்கு மட்டும் 14,000-க்கு மேல் ஒலிக் கோப்புகள். கோப்பையை மரத்தில் வைத்தால் ஒரு சத்தம், துணி மேல் வைத்தால் வேறு.

மவுஸைத் தொட்டே பழக்கமில்லாத என் அம்மா இதை மூன்று நாள் விளையாடினார். 2010-இல் அந்தப் பெண் காதலனின் ஃபிளாட்டுக்குப் போகிறாள். எங்கே பார்த்தாலும் அவன் சாமான்தான். அவளுடைய பட்டத்தை ஃபிரேம் போட்டு வைத்திருக்கிறாள். சுவரில் மாட்ட இடமில்லை. அம்மா அறை அறையாக அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளியதும் கேம் ஏற்றுக்கொண்டது. அம்மா மவுஸை விட்டுவிட்டு, "இந்தப் பொண்ணு இங்க இருக்க மாட்டா" என்றார். அடுத்த கட்டம் 2012, அந்தப் பெண்ணின் அம்மா அப்பா வீட்டில் அவளுடைய பழைய அறை. "நான் சொல்லல?" என்று என்னைப் பார்த்தார்.

அப்புறம், சுவர் என்றதும் ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். முந்தைய வாடகை வீட்டில் ஆணியே அடிக்கக் கூடாது என்று ஓனர் கண்டிஷன். நான்கு வருஷம் தாத்தா படம் ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்தே இருந்தது. காலி செய்யும்போது, ஹாலில் மூன்று ஓட்டை என்று சொல்லி அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். குடிபோன அன்றே அந்த மூன்றையும் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், தேதியோடு. காட்டினால், "அது வேற ஓட்டை தம்பி" என்கிறார். அந்த ஓட்டைக்குள் இருந்தது பத்து வருஷத் தூசி. நாலு வருஷத் தூசி அந்த நிறத்தில் இருக்காது. இதை நான் எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்ல?