குடியிருக்கத்தான் ஆர்.வி. வாங்குகிறேன் என்று கடன் படிவத்தில் எழுதலாமா?

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறேன். வயது 46, கிரீன் கார்டு உண்டு. டிராவல் நர்ஸ் வேலை. 13 வாரத்துக்கு ஓர் ஊர் என்று ஆஸ்பத்திரி மாறிக்கொண்டே இருக்கும். விவாகரத்துக்குப் பிறகு கிரெடிட் ஸ்கோர் 561க்கு விழுந்துவிட்டது. இருவர் பெயரிலும் இருந்த கார்டு கடனை முன்னாள் கணவர்தான் கட்ட வேண்டும் என்று கோர்ட் உத்தரவு, அவர் கட்டவில்லை. இரண்டு மருத்துவ பில்களும் வசூல் ஏஜென்சிக்குப் போய்விட்டன. அபார்ட்மென்ட் வாடகையும் கொடுத்து, வேலை கிடைக்கும் ஊரிலும் வாடகை கொடுத்து மாளவில்லை. அபார்ட்மென்ட்டைக் காலி செய்துவிட்டுப் பழைய ஆர்.வி. (சமையலறை, படுக்கை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) ஒன்றிலேயே குடியிருக்கலாம் என்று பார்க்கிறேன். டீலரிடம் 2014 மாடல் மோட்டார்ஹோம் (இன்ஜினோடு தானே ஓடும் ஆர்.வி.) ஒன்று இருக்கிறது. கடன் 32,000 டாலர், 17 சதவீத வட்டி, பத்து வருடம். “குடியிருக்க என்று போட்டால் பேங்க் தராது, லீவுக்குப் போய்வர என்று போடுங்கள்” என்கிறார் அங்கே கடன் பேப்பர் பார்ப்பவர். தெரிந்த ஒருவர், தன் டிரெய்லரை எடுத்துக்கொண்டு தவணையை மட்டும் கட்டச் சொல்கிறார். டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) அவர் பெயரிலேயே இருக்குமாம். அதை இழுக்க என்னிடம் பிக்கப் டிரக் இருக்கிறது. தம்பி கோ-சைன் போடத் தயார். எதைச் செய்வது?

பதில்: சகோதரி, நீங்கள் வட்டியைப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு உறுத்துவது அந்த “லீவுக்குப் போய்வர” என்ற ஒரு வரி.

ஆர்.வி. கடன் தருகிற நிறுவனங்களில் பெரும்பாலானவை முழுநேரம் அதில் வசிப்பவர்களை ஒதுக்குகின்றன. காரணம் எளியது. தவணை நின்றால் முதலில் கைவிடப்படுவது பொழுதுபோக்கு வண்டி, கடைசியில் கைவிடப்படுவது வீடு என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்த வீட்டுக்குச் சக்கரம் இருக்கிறது. எந்த மாநிலத்தில் நிற்கிறது என்று தேடிப் பிடிப்பது அவர்கள் தலையில் விழும். உள்ளேயே சமைத்து, குளித்து, தூங்கினால் வண்டி சீக்கிரம் தேய்ந்து மதிப்பும் இறங்கும். அதனால்தான் டீலர் அந்த யோசனையைச் சொல்கிறார். பொய் என்று தெரிந்தேதான் சொல்கிறார். ஆனால் கையெழுத்து அவருடையது அல்ல.

அரசுக் காப்பீடு உள்ள வங்கியிடமோ கிரெடிட் யூனியனிடமோ (உறுப்பினர்களுக்குச் சொந்தமான கடன் சங்கம்) கடன் வாங்கத் தெரிந்தே பொய் எழுதிக் கொடுப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். சட்டப் புத்தகத்தில் அதிகபட்சம் 30 ஆண்டு சிறை, 10 லட்சம் டாலர் அபராதம். ஓர் ஆர்.வி.க்காக ஒரு நர்ஸை உள்ளே தள்ளி நான் பார்த்ததில்லை. உங்களைப் பயமுறுத்தவும் எனக்கு விருப்பமில்லை. அன்றாடம் நடப்பது வேறு. தவறான தகவல் கொடுத்தாலே கடன் தவறியதாகக் கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். நீங்கள் ஒரு தவணைகூடத் தவறாவிட்டாலும், அந்த வரியைக் காட்டி மொத்தப் பாக்கியையும் உடனே கேட்கலாம். இன்ஷூரன்ஸ் அதைவிட மோசம். லீவு வண்டி என்று பாலிசி எடுத்துவிட்டு நீங்கள் குடியிருக்கும்போது தீப்பிடித்தால், கம்பெனி கேட்கும் முதல் கேள்வி “நிரந்தர முகவரி எது?” என்பதாகத்தான் இருக்கும். இழப்பீடு மறுக்கப்பட்டால் வண்டி சாம்பல், கடன் மட்டும் முழுசாக நிற்கும். முழுநேரம் வசிப்பவர்களுக்கென்றே தனி பாலிசி இருக்கிறது, எடுக்க வேண்டியது அதுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அதிகம் போகப் போவது அதில்தான். டிராவல் நர்ஸ் சம்பளத்தில் தங்குமிடப் படி, சாப்பாட்டுப் படி என்று வரியில்லாமல் ஒரு பகுதி வருகிறது அல்லவா? வேறொரு ஊரில் உங்களுக்கு ஓர் இருப்பிடம் இருக்கிறது, அதை விட்டுவிட்டு வந்து இரட்டைச் செலவு செய்கிறீர்கள் என்பதால்தான் அதற்கு வரி இல்லை. அபார்ட்மென்ட்டைக் காலி செய்துவிட்டு ஆர்.வி.யே வீடு என்று ஆகிவிட்டால், வருமான வரித் துறையின் கண்ணில் நீங்கள் நிலையான இருப்பிடம் இல்லாதவர். போகிற இடமே உங்கள் இருப்பிடம். அந்தப் படிகள் அத்தனையும் சம்பளமாகக் கணக்காகி வரிக்குள் வந்துவிடும். வாடகையில் மிச்சமாகும் என்று நீங்கள் போட்ட கணக்கு இங்கேயே கவிழலாம்.

கடன் தருபவரிடம் “டாலஸில்தான் வீடு, இது லீவுக்கு”, இன்ஷூரன்ஸிடம் இன்னொன்று, வரித் துறையிடம் மூன்றாவது என்று மூன்று கதை வைத்திருந்தால், ஏதாவது ஒரு வழக்கில் மூன்று காகிதமும் ஒரே மேசைக்கு வந்து சேரும். எந்த முடிவு எடுத்தாலும் இந்த மூன்று இடத்திலும் ஒரே உண்மையை எழுத முடிகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

அடுத்து, கடன் தவறினால் என்ன ஆகும் என்பது. வாடகை வீட்டிலிருந்து உங்களை வெளியேற்ற வீட்டுக்காரர் நீதிமன்றம் போக வேண்டும், நோட்டீஸ் தர வேண்டும். அடமானத்தில் இருக்கும் ஆர்.வி.க்கு டெக்சாஸில் அந்தப் பாதுகாப்பு இல்லை. கோர்ட் படியேறாமலே ஆள் அனுப்பி இழுத்துப் போகலாம். அமைதியைக் குலைக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை: பூட்டை உடைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. நீங்கள் எதிரே நின்று வேண்டாம் என்று சொன்ன பிறகும் இழுப்பது அமைதிக்குலைவு என்று பல நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் நீங்கள் 12 மணி நேர ஷிப்டில் இருக்கும்போது வந்தால் யார் எதிரே நிற்பது? உள்ளே இருக்கும் துணிமணி, பாத்திரம், பாஸ்போர்ட் எல்லாம் உங்களுடையவை, திருப்பித் தர வேண்டும். வண்டியை விற்பதற்கு முன் நோட்டீஸும் தர வேண்டும். விற்று வந்த பணம் போதாவிட்டால் மீதிக்கு உங்கள் மேல் வழக்குப் போடலாம். அதற்காக வண்டியை எங்காவது கொண்டுபோய் மறைத்து வைக்காதீர்கள், டெக்சாஸில் அது தனிக் குற்றம். வேறு மாநிலத்துக்கு எடுத்துப் போகும்போது கடன் கொடுத்தவருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

தவணை நின்றால் அப்படி மீதி விழும் என்பதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். 32,000 டாலர், 17 சதவீதம், பத்து வருடம் என்றால் மாதம் சுமார் 556 டாலர். மொத்தம் 66,700 டாலர் கட்டுவீர்கள். மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டி 20,000 டாலர் கரைந்த பிறகும் அசல் பாக்கி ஏறக்குறைய 27,200 நிற்கும். அப்போது 13 வயதைத் தாண்டிவிட்ட மோட்டார்ஹோமுக்கு அந்த விலையை யார் கொடுப்பார்கள்? அந்த 17க்குள் டீலரின் பங்கும் ஒளிந்திருக்கலாம். வங்கி சொன்ன வட்டிக்கு மேல் கொஞ்சம் ஏற்றிவைத்துக்கொள்வது அந்த வியாபாரத்தில் சகஜம். வங்கி சொன்ன வட்டி எவ்வளவு என்று நேராகவே கேளுங்கள்.

தெரிந்தவரின் டிரெய்லரை மறந்துவிடுங்கள். டைட்டிலில் அவர் பெயர், அதன் மேல் அவருடைய வங்கியின் உரிமை, பணம் மட்டும் உங்களுடையது. கடன் உள்ள வண்டியைக் கைமாற்றுவதையே பெரும்பாலான ஒப்பந்தங்கள் தடுக்கும். அவர் நீங்கள் கொடுத்த தவணையை வங்கிக்குக் கட்டாமல் விட்டாலோ திவால் மனு கொடுத்தாலோ தெருவில் நிற்பது நீங்கள். அந்த டிரெய்லர் பிடித்திருந்தால், அவருடைய வங்கியிடமிருந்து மொத்தப் பாக்கி எவ்வளவு என்று கடிதம் வாங்கி, பணத்தை நேரே வங்கிக்குக் கட்டி, டைட்டிலை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வது ஒன்றுதான் வழி.

தம்பியின் கையெழுத்து ஊரில் போடுகிற ஜாமீன் கையெழுத்துதான், அதைவிடக் கொஞ்சம் கூரானது. உங்களிடம் கேட்காமலே அவரிடம் நேராக வசூலிக்கலாம் என்று சட்டப்படி அவருக்குக் கொடுக்கும் நோட்டீஸிலேயே எழுதியிருக்கும். அதற்குப் பதில் தம்பி வேறொரு உதவி செய்யலாம். அவர் வீட்டில் ஓர் அறையை நியாயமான வாடகைக்கு உங்களுக்குத் தரட்டும். மாதாமாதம் செக்கில் கொடுங்கள், வருடத்தில் ஓர் ஒப்பந்தத்தையாவது அந்த ஊரிலேயே வேலை பாருங்கள், நர்ஸ் லைசென்ஸும் ஓட்டுநர் உரிமத்தின் முகவரியும் அங்கேயே இருக்கட்டும். இது நிஜமாகவே நடந்தால் வரிப் பிரச்சினைக்கும், முகவரி கேட்கும் கடன் தருபவருக்கும் உண்மையான பதில் உங்களிடம் இருக்கும். பெயருக்கு மட்டும் எழுதி வைத்தால் இதுவும் நாலாவது கதையாகிவிடும். தம்பி அந்த வாடகையைத் தன் வருமானத்தில் காட்ட வேண்டும், அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வண்டி விஷயத்தில் என் யோசனை: டிரக் இருக்கும்போது மோட்டார்ஹோம் எதற்கு? இன்னொரு இன்ஜினுக்கும் சேர்த்துச் செலவழிக்கப் போகிறீர்கள். 12,000 டாலர் அளவில் ஒரு பழைய டிரெய்லர் பாருங்கள். மத்திய அரசு சாசனம் பெற்ற கிரெடிட் யூனியன்கள் 18 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்க முடியாது. அந்த உச்ச வட்டியிலேயே நாலு வருடத்துக்கு வாங்கினாலும் மாதம் சுமார் 352 டாலர், மொத்தம் 17,000க்குள் முடிந்துவிடும். குடியிருக்கத்தான் வாங்குகிறேன் என்று முதல் பேச்சிலேயே சொல்லி, சம்மதிக்கிற இடத்தில் மட்டும் விண்ணப்பம் போடுங்கள்.

அதற்குள் மூன்று கிரெடிட் நிறுவனங்களின் ரிப்போர்ட்டையும் இலவசமாக எடுங்கள், வாரம் ஒருமுறைகூட எடுக்கலாம். 500 டாலருக்குக் குறைந்த மருத்துவ வசூல் பாக்கிகளை 2023 முதலும், கட்டி முடித்தவற்றை 2022 முதலும் அந்த நிறுவனங்கள் ரிப்போர்ட்டில் காட்டுவதில்லை. அப்படி ஏதாவது இருந்தால் ஆட்சேபணை எழுதுங்கள். பொதுவாக 30 நாளில் விசாரித்தாக வேண்டும். கார்டு கடன் விஷயத்தில் கோர்ட் உத்தரவு உங்களையும் முன்னாள் கணவரையும்தான் கட்டுப்படுத்தும், வங்கியை அல்ல. வங்கி உங்களைக் கேட்கத்தான் செய்யும். ஆனால் அதே குடும்ப நீதிமன்றத்தில் அமலாக்க மனு போட்டு, நீங்கள் கட்ட நேர்ந்ததை அவரிடமிருந்து வசூலிக்கக் கேட்கலாம். ஸ்கோரை ஏற்றித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். வேலையை முடிக்காமல் பணம் வாங்குவதே அவர்களுக்குச் சட்டவிரோதம்.

மூன்று நாளுக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டீலரின் கடையில் போய் வாங்கிய வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. டீலரிடம் பழைய கார் வாங்கும்போது ஜன்னலில் ஒட்டியிருக்கும் வாரண்டி விவரத் தாளும், 8,500 பவுண்டு எடைக்கு மேற்பட்ட மோட்டார்ஹோமுக்குக் கட்டாயம் இல்லை. “உள்ளது உள்ளபடி” என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், கூரை ஒழுகுவது உங்கள் பாடு. வாங்குமுன் வெளி ஆளை வைத்துப் பரிசோதித்துவிடுங்கள்.

நீங்கள் இன்னும் டீலரிடம் கையெழுத்துப் போடவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். முன்பணம் கொடுத்திருந்தால் அந்த ரசீதை எடுத்து, கடன் அமையாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தால், வேண்டாம் என்று இன்றே ஈமெயிலில் சொல்லிவிடுங்கள். எழுதவில்லை என்றால் ரசீதின் நகலை எனக்கு அனுப்புங்கள்.