கடலோரப் பாதையில் இரவு எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்): வேலூர்ப் பக்கத்து நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

காட்பாடி: லைட் ஹெல்மெட்டிலா, ஹேண்டில்பாரிலா?
இரண்டிலும் வேண்டும். ஒன்றுதான் முடியுமென்றால் ஹேண்டில்பார். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும். மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகத் தெரியும். கீழிருந்து விழுந்தால் நிழல் நீளும், பள்ளம் கறுப்பாகத் தனித்துத் தெரியும். ஹெல்மெட் லைட் வளைவுகளுக்கு: தலை திரும்பும் பக்கம் வெளிச்சமும் வரும். கடலோரத்தில் மூட்டம் இறங்கினால் அதை அணைத்துவிடுங்கள், கண் கூசி வழியே தெரியாது.

ஆற்காடு: பாலாற்று மணலில் பழகினால் கடற்கரைக்கு உதவுமா?
நன்றாக உதவும். டயரில் காற்றைக் குறைத்து, லேசான கியரில், ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் மிதிக்கும் பழக்கம் அங்கேயே வந்துவிடும். டியூப் டயர் என்றால் ரொம்பக் குறைக்காதீர்கள், ரிம் கடித்து டியூப் கிழியும். சீமைக் கருவேல முள்ளுக்கு டியூப் இல்லாத டயரும், ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் சீலன்ட் திரவமும்தான் வழி. கடற்கரையில் ஓதம் இறங்கியபின் அலை நனைத்த மணல் கெட்டியாக இருக்கும்.

குடியாத்தம்: பிப்ரவரி பௌர்ணமியில் மாமல்லபுரம் பக்கம் மணலில் ஓட்டத் திட்டம். எத்தனை லூமன் வேண்டும்?
லூமன், அதாவது வெளிச்சத்தின் அளவு, அப்புறம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அந்தக் கரையில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிட இரவில்தான் ஏறுகின்றன. வெளிச்சமும் நடமாட்டமும் கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சு பொரிய 45 முதல் 60 நாள். வெளிவரும் குஞ்சு வெளிச்சமான பக்கம் நோக்கித்தான் ஓடும். உங்கள் லைட்டைக் கண்டால் கடலை விட்டு ரோட்டுப் பக்கம் போகும். ஜூன் முடியும்வரை இரவில் மணலில் இறங்காதீர்கள்.

அதே நண்பர்: சிவப்பு லைட் போட்டால்?
தொந்தரவு குறையும், தீராது. குஞ்சின் ஓடு கட்டைவிரல் நீளம்கூட வராது. டயர் தடத்தில் விழுந்தால் ஏறத் தெரியாமல் தடத்தோடே போய்க்கொண்டிருக்கும். விடிந்தால் காக்கையும் நாயும் காத்திருக்கும்.

ராணிப்பேட்டை: படகு இழுக்க டிராக்டரே ஓடுகிறது. சைக்கிள் மட்டும்தான் பாவமா?
படகு இழுப்பது அவர்கள் பிழைப்பு, நாம் போவது பொழுதுபோக்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பங்குனி ஆமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில், உள்ள உயிர். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கரையோரம் நடந்து முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கடற்கரை இரவைப் பார்க்க ஆசையா? அவர்களோடு நடந்து பாருங்கள்.

குடியாத்தம் மறுபடியும்: ஈரமணலில் மட்டும் ஓட்டினால்?
தாய் ஆமை ஏறுவதும் குஞ்சு இறங்குவதும் அந்த ஈரமணல் வழியாகத்தான். கூடாது.

ஆம்பூர்: எத்தனை லூமன்?
மண் பாதைக்கு ஹேண்டிலில் 800 முதல் 1000. ஆமைக் காலத்தில் மணலில் பூஜ்யம்.

வாணியம்பாடி: ஹெல்மெட் லைட் போதுமா?
முதல் பதிலைப் படியுங்கள்.

திருப்பத்தூர்: ஜவ்வாது மலையில் இரவில் ஓட்டலாமா?
காப்புக்காட்டுக்குள் கூடாது. கரடி நடமாடும் நேரம். வனத்துறையிடம் கேளுங்கள்.

ஆரணி: கடற்கரை போய் வந்தால் செயின் துருப்பிடிக்கிறதே?
வீடு வந்து சேரும்வரை காத்திருக்காதீர்கள். அங்கேயே நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் வேண்டாம், பேரிங்குக்குள் உப்பும் மணலும் ஏறும். துணியால் துடைத்து, காய்ந்தபின் எண்ணெய் விடுங்கள். டிஸ்க் பிரேக்கில் ஒரு சொட்டும் படக்கூடாது.